யமஹா ஒய்இசட்250எக்ஸ், கேடிஎம் 300 ஈஎக்ஸ்சி: எதை எடுப்பது?

ரெண்டுமே கரடுமுரடான பாதைக்கான டூ-ஸ்ட்ரோக் பைக். ஆனால் பராமரிப்பு வேறு வேறு.

யமஹா 249 சிசி, 38 மி.மீ. கெய்ஹின் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்), உதைத்துக் கிளப்பும் கிக்கர் மட்டும். பெட்ரோலில் ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும்: 30:1 என்றால் 5 லிட்டருக்கு சுமார் 167 மி.லி. மலையேறினால் காற்று அடர்த்தி குறையும், காற்று-பெட்ரோல் கலவை ரிச்சாகும் (பெட்ரோல் அதிகமாகும்), பிளக் கறுத்து நனையும். பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைக்க வேண்டும். குளிரில் நேரெதிர், லீனாக (பெட்ரோல் குறைவாக) விட்டால் பிஸ்டன் சீஸ் ஆகலாம், அதாவது சிலிண்டரில் இறுகிவிடலாம். மாதக்கணக்கில் நிறுத்தினால் பைலட் ஜெட் என்ற சின்னத் துளை அடைக்கும், கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். எல்லாம் கைக்கருவியால் முடிகிற வேலைதான்.

கேடிஎம் 293 சிசி, ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். உயரத்துக்கேற்ப கலவையை அதுவே திருத்தும். ஜெட் தொல்லை இல்லை. ஆயிலுக்குத் தனி டேங்க், அது வறண்டால் இன்ஜின் போச்சு. செல்ஃப் ஸ்டார்ட், ஹைட்ராலிக் கிளட்ச். செங்குத்துப் பாறையில் ஆஃப் ஆகி நிற்கும்போது பட்டன் எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். கிக்கர் கிடையாது, பேட்டரி இறங்கினால் சரிவில் உருட்டித்தான் கிளப்பணும். சென்சார் கோளாறுக்கு டயக்னாஸ்டிக் கருவி வேண்டும்.

காட்டுப் பாதையில் மெதுவாக ஏறுவதுதான் அதிகம் என்றால் கேடிஎம் 300இன் கீழ்-ஆர்பிஎம் இழுவைக்கே என் ஓட்டு. வேகமான திறந்த தடத்துக்கு யமஹா போதும்.