பழம்பெரும் நாடகங்களின் பெண்கள்: ஓர் இணையவழி வகுப்பைப் பற்றி

ஐரோப்பியச் செவ்வியல் நாடகங்களின் பெண் பாத்திரங்களைத் தமிழில் விளக்கும் ஆறு வார இணையவழி வகுப்பு ஒன்றில் 1,800 ரூபாய் கட்டிச் சேர்ந்திருந்தேன். முதல் நாள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்ததும் பணம் வீண் என்றே தோன்றியது. 'வலிமையான பெண்கள்' என்ற தலைப்பின் கீழ் ஆன்டிகனி, கிரேக்கத் துன்பியல் நாடக நாயகி மீடியா, லேடி மெக்பெத், நோரா; 'வலிமையற்றவர்கள்' என்பதன் கீழ் இஸ்மீனி, 'ஹாம்லெட்' நாடகத்தின் ஒஃபீலியா. பள்ளித் தேர்வின் 'பொருத்துக' வினாவுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நல்லவேளையாக, அந்த அட்டவணையை ஆசிரியரே இருமுறை கலைத்துப் போட்டார். கட்டிய பணத்துக்கு ஈடு அந்த இரண்டு வகுப்புகள்தாம்.

முதலாவது, பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிசின் 'ஆன்டிகனி'. உடன்பிறந்தவனை அடக்கம் செய்யக்கூடாது என்ற கிரியோன் மன்னனின் ஆணையை ஆன்டிகனி மீறத் துணியும்போது, நாம் பெண்கள், ஆண்களோடு மோதப் பிறந்தவர்கள் அல்லர் என்று தங்கை இஸ்மீனி பின்வாங்குகிறாள். பெரும்பாலான விளக்கங்கள் அவளை அங்கேயே விட்டுவிடும். இவ்வகுப்பிலோ, பின்னர் அவள் மன்னன் முன் வந்து, தான் செய்யாத குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்று சாவைக் கேட்கும் பகுதியை மாணவர் இருவரைக் கொண்டு உரக்கப் படிக்கவைத்தார்கள். அந்தப் பங்கை ஆன்டிகனி கொடுக்க மறுக்கிறாள். அஞ்சியவளின் இரக்கமும் துணிந்தவளின் கடுமையும் அடுத்தடுத்துக் காதில் விழுந்தபோது, யார் வலியவள் என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. ஏதென்சில் இவ்விரு வேடங்களையும் முகமூடி அணிந்த ஆண்களே நடித்தார்கள் என்பதை ஆசிரியர் போகிறபோக்கில் சொன்னார். அதற்கே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாவது, 1879-இல் கோபன்ஹேகனில் அரங்கேறிய, நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு'. நோரா இறுதியில் கதவைச் சாத்திவிட்டுப் போவதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆசிரியர் எடுத்துக்கொண்டதோ ஒரு தேதி. கணவனின் உயிரைக் காக்க வாங்கிய கடனுக்குத் தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்ட நோரா, அதன் கீழ் அக்டோபர் 2 என்று எழுதியிருக்கிறாள். தந்தையோ செப்டம்பர் 29 அன்றே இறந்துவிட்டார். கணவனுக்குத் தெரியாமல் பிஸ்கட் தின்று வாயைத் துடைத்துக்கொள்ளும் அதே பெண்தான், கடனை அடைக்க இரவில் படியெடுத்துச் சம்பாதித்ததை நினைத்து, ஆணாக இருப்பதுபோல் இருந்தது என்று தோழியிடம் பூரிக்கிறாள். அவளுடைய பலம் கடைசிக் காட்சியில் திடீரென்று முளைத்ததன்று என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

ஷேக்ஸ்பியர் வகுப்பு ஏமாற்றம். தூங்கும் மன்னன் தன் தந்தையின் சாயலில் இராதிருந்தால் தானே கொன்றிருப்பேன் என்கிறாளே லேடி மெக்பெத், அவ்வரியைத் தொடாமலே அவளை 'இரும்பு மனுஷி' என்று முடித்துவிட்டார்கள். ஒஃபீலியாவுக்குக் கிடைத்தது பத்தே நிமிடம்.

நடத்துநர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒலி விட்டுவிட்டுக் கேட்ட மீடியா வகுப்பை மறுபடியும் நடத்துவதாகச் சொன்னவர்கள், இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகும் நடத்தவில்லை. பதிவுகளோ முப்பது நாள்தான் இருக்கும். சேருகிறவர்கள் ஆன்டிகனி வகுப்பை முதலில் பார்த்துவிடுவது நல்லது.