நுரைத் தட்டா, மர முக்காலியா? குமிஹிமோ கைக்கயிறு பின்ன எது தோது

குமிஹிமோ என்றால் ஜப்பானிய மொழியில் 'பின்னிய கயிறு'. சாமுராய்களின் கவசத் தகடுகளைக் கோத்துக் கட்டியதும் வாள் உறையில் தொங்கியதும் இதுதான். 1876-இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்ததும், கைவினைஞர்கள் கிமோனோ இடைப்பட்டியின் மேல் கட்டும் ஒபிஜிமே கயிற்றுப் பக்கம் போனார்கள். மியே மாநிலத்தின் இகா இன்றும் அதற்குப் பேர்போன ஊர். நமக்கு வேண்டியதோ 18 செ.மீ. கைக்கயிறு. அதற்கு எந்தக் கருவி?

மரபான கருவியின் பெயர் மருதை. மதுரைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், ஜப்பானிய மொழியில் 'வட்டத் தாங்கி' என்று பொருள். நடுவில் துளையுள்ள வட்டப் பலகை, அதன் கீழே கால்கள். தலைப்பில் முக்காலி என்றது ஒரு பேச்சுக்குத்தான், பெரும்பாலும் நான்கு கால் இருக்கும். நூல்களின் நுனியில் தமா என்ற கனமான உருளைகள் பலகையைச் சுற்றித் தொங்கும். பின்னிய கயிறு துளை வழியே கீழே இறங்க, அதன் நுனியில் ஓர் எதிர் எடை கட்டியிருக்கும்.

நுரைத் தட்டு இதன் சுருக்கம். உள்ளங்கை அகல வட்டம், விளிம்பில் பெரும்பாலும் 32 வெட்டு. எட்டு நூலை நான்கு திசையிலும் இரண்டிரண்டாக மாட்ட வேண்டும். மேலே வலது நூலை எடுத்துக் கீழ் ஜோடியின் வலப்பக்கம், கீழே இடது நூலை எடுத்து மேலே மிஞ்சியதன் இடப்பக்கம், தட்டைக் கால் வட்டம் திருப்பு, மறுபடி அதே. கொங்கோ பின்னல் அவ்வளவுதான். மருதையிலும் இதே பின்னல்தான், ஆனால் அங்கே இரண்டு கையும் ஒரே நேரத்தில் நூலைத் தூக்கும். தமாக்கள் ஒன்றோடொன்று 'டக், டக்' என்று மோதும் அந்தச் சத்தத்துக்காகவே சிலர் அதை விடமாட்டார்கள்.

உண்மையான வித்தியாசம், நூலின் இறுக்கத்தை யார் பிடிப்பது என்பதில். தட்டில் வெட்டு பிடிக்கிறது, அதாவது நீங்கள் இழுத்து மாட்டும் விதம். எரிச்சலில் இருந்த நாளில் நான் பின்னிய கயிறு ஒரு பாதி கம்பி மாதிரி, மறுபாதி தொளதொள. மருதையில் எடை பிடிக்கிறது, உங்கள் மனநிலை அதற்குத் தெரியாது. 70 கிராம் தமா எட்டு என்றால் 560 கிராம். எதிர் எடை அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 260 கிராம் போல வைப்பது வழக்கம். எதிர் எடையைக் கூட்டினால் கயிறு தளர்ந்து நீளும், குறைத்தால் இறுகிக் கட்டியாகும். பட்டுநூலுக்கு நான் மருதைதான் சொல்வேன்: நுரை வெட்டு பட்டின் மெல்லிய இழைகளைப் பிய்க்கிறது.

ஆனால் சாட்டின் கயிறும் எம்பிராய்டரி நூலும் அதைப் பொருட்படுத்தாது. கைக்கயிறு மட்டும்தான் என்றால் தட்டையே வாங்குங்கள், அட்டையில் வெட்டிக்கொண்டாலும் சரி. பையில் போட்டு ரயிலில் பின்னலாம். மருதையைத் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாது. ஒரு குறை, வெட்டுகள் நாளடைவில் இளகும். என் முதல் தட்டு பதினைந்து கயிற்றோடு சரி. இன்னொன்று, மாதக்கணக்கில் நூலை மாட்டியபடி விட்டால் நுரை வளைந்துவிடும்.

தகதை என்ற பெரிய சட்டமும் உண்டு. அது அகலப் பட்டைக்கு, கைக்கயிற்றுக்கு வேண்டாம்.

தட்டை வாங்குவோருக்கு இரண்டு சங்கதி. பின்னல் நுனியில் ஒரு சாவிக்கொத்தை மாட்டித் தொங்கவிடுங்கள், மருதையின் எதிர் எடையில் பாதிப் பலன் கிடைத்துவிடும். அப்புறம், நடுவில் எழுந்து போவதானால் முதல் நூலை நகர்த்திவிட்டு, இரண்டாவதைத் தொடாமல் எழுந்திருங்கள். ஒரு பக்கம் மூன்று நூல் நிற்கும். திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.