கணித வகுப்பில் ஜியோஜீப்ரா: எட்டு ஆண்டு அனுபவம்

உயர்நிலைப் பள்ளியொன்றில் கணிதம் கற்பிக்கும் நான் 2017 முதல் பலவகைக் கல்வி மென்பொருள்களை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். இன்றும் வாரந்தோறும் திறப்பது ஜியோஜீப்ராவைத்தான். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கத் தொடங்கிய, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்து மாற்றிப் பார்க்க உதவும் மென்பொருள் இது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமின்றியே இயங்குவது, மழை தூறினாலே இணைப்பு அறுந்துபோகும் எங்கள் பள்ளிக்குப் பெரிய வசதி.

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதற்குக் கரும்பலகையில் ஒரு படம்தான் வரைய முடியும். இதிலோ, ஏபி என்ற விட்டத்தை வரைந்து, வட்டத்தின் மேல் சி என்னும் புள்ளியை இழுத்துக்கொண்டே போனால், முக்கோணத்தின் வடிவம் மாறிக்கொண்டேயிருக்க, சி-யில் அமையும் கோணம் மட்டும் 90° ஆகவே நிற்கும். ஒருநாள் ஒரு மாணவி, "சார், சி-யை ஏ மேலேயே வெச்சா?" என்று கேட்டு மவுஸை வாங்கினாள். வைத்ததும் கோண அளவு மறைந்துவிட்டது. அங்கே முக்கோணமே இல்லை என்று வகுப்பு பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

இன்னொரு நாள், திரையில் தெரிந்த ஒரு முக்கோணத்தின் 52.33, 61.33, 66.33 ஆகிய மூன்று கோணங்களையும் கூட்டிய மாணவன் 179.99 என்று எழுதி, அவற்றின் கூடுதல் 180° என்னும் தேற்றம் தவறு என்று வாதிட்டான். திரை இரண்டு தசம இடங்களோடு நிறுத்திக் காட்டும் முழுதாக்கலைக் கற்பிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை.

பள்ளி விலை கொடுத்து வாங்கிய அசைவூட்டப் பாடத் தொகுப்பு ஒன்று, அதை இயக்கிவந்த ஃபிளாஷ் என்னும் மென்பொருளுக்கு 2020 இறுதியில் ஆதரவு நிறுத்தப்பட்டபின் திறக்கவேயில்லை. விற்ற நிறுவனமும் மாற்றித் தரவில்லை. வினாடி வினா செயலிகள் முதல் மாதம் ஆரவாரமாக இருக்கும், பிறகு வேகமாகத் தொடுபவனே வெல்வான். அறிவியல் ஆசிரியை பயன்படுத்தும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் ஒப்புருவாக்கங்கள், அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் சோதனைகள், வேறு வகை. பென்டிரைவில் எடுத்துவந்து, மாணவர்களே மின்சுற்றை இணைத்துப் பார்க்கிறார்கள்.

ஜியோஜீப்ராவை நம்பி நான் செய்த பிழையும் உண்டு. ஓராண்டு செய்முறை வடிவியலை அதிலேயே நடத்தியதில், பாதிப் பேருக்குக் கவராயம் பிடிக்கக் கை பழகவில்லை. பொதுத்தேர்வில் அதைத் தாளில்தான் வரைய வேண்டும். இப்போது முதலில் நோட்டில் வரையச் சொல்லிவிட்டு, அதன்பிறகே கணினியைத் திறக்கிறேன்.