பெட்ரோல் வாடையோடு மலை ஏறாதீர்கள்: என் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5

ஓசூரில் ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5, இருவர் மட்டும் உட்காரும் ஜப்பானியத் திறந்த கார், விலைக்கு வந்திருக்கிறதாம். முதல் தலைமுறை வண்டி. எழுந்து மூடும் முகப்பு விளக்குகள், துணிக்கூரை, என்னுடையதில் இருக்கும் அதே 1.6 லிட்டர் இன்ஜின். "நீ இத்தனை வருடம் வைத்திருக்கிறாயே, வாங்கலாமா?" என்று கல்லூரித் தோழி தொலைபேசியில் கேட்டாள். பெட்ரோல் கசிவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், அழைப்பு முடியும்வரை அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி எப்படி ஓடும் என்பதற்கே நாங்கள் வரவில்லை. ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன். இதிலும் பெரும்பகுதி கசிவுதான்.

அடிப்படை விவரங்கள் பலருக்கும் தெரிந்தவை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான கார். 1597 சிசி, பின்சக்கர இயக்கம், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 45 லிட்டர் டேங்க். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் பெரியப்பா ஊர் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தார். முழங்கால் வலியால் அவ்வளவு தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ முடியாமல் போனதும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஓட்டும் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. பெரும்பாலான வளைவுகளை இரண்டாம் கியரிலேயே எடுத்துவிடலாம். கியரை மாற்ற மணிக்கட்டை அசைத்தால் போதும், தோளுக்கு வேலையே இல்லை. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்திலேயே பின்சக்கரம் தள்ளுவது முதுகில் தெரியும். கூரையைத் திறந்துவிட்டால் மலையின் வாசனை முழுவதும் உள்ளே வருகிறது. கோடை மழைக்குப் பிறகு காப்பி பூக்கும் நாட்களில் அந்தச் சாலையில் போயிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மழையில் கூரையை மூடினால் வந்தது வேறு வாடை.

கூரை திறந்திருக்கும்போது அது தெரியாது. சேலம் நகருக்குள் ஓட்டினாலும் தெரியாது. மலைப்பாதையில் பாதித் தூரம் ஏறி, மூடுபனியும் தூறலும் தொடங்கி, கூரையை மூடிக் கண்ணாடியை ஏற்றியபின் இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து மெல்ல வரும். ஒருமுறை பக்கத்து இருக்கையில் இருந்த என் மகள் தலை வலிக்கிறது என்றாள். அன்றே வண்டியை அங்கே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் இறங்கினோம்.

சேலத்தில் பெயர் பெற்ற ஒரு பட்டறைக்கு அதை இழுத்துவரச் செய்தேன். அங்கே கிடைத்த பதில் இன்றும் எனக்கு ஆத்திரத்தை உண்டாக்குகிறது. "பழைய வண்டி என்றால் பெட்ரோல் வாடை அடிக்கத்தான் செய்யும் மேடம். டேங்கை நிரப்பாமல் ஓட்டுங்கள்." எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று ஒரு கேள்வி இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள், அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் கார்பெட்டைக் கழுவி நறுமணம் அடித்துக் கொடுத்தார்கள்.

எத்தனை பேர் இந்தப் பதிலை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. வயதான வண்டிக்கென்று தனி வாடை கிடையாது. டேங்கிலிருந்து சிலிண்டர் வரை பெட்ரோல் மூடிய வழியில்தான் போகவேண்டும். அது மூக்குக்கு எட்டுகிறது என்றால் வழியில் ஏதோ ஓர் இடம் திறந்திருக்கிறது. தண்ணீர் உறையும் குளிருக்கும் ஏறக்குறைய 40 டிகிரி கீழேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளக் கூடிய ஆவியை விடும். காற்றில் அந்த ஆவி ஒன்றரை சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாக, பள்ளமான இடத்தில் தேங்கும். இந்த வண்டியில் ஆகப் பள்ளமான இடம் நாம் உட்கார்ந்திருக்கும் இடம்தான்.

கடைசியில் கோரிமேட்டில் தகரக் கொட்டகையில் பட்டறை நடத்தும் ஓர் இளைஞரிடம் போனேன். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கேட்டார்: "வாடை முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா அக்கா? ஏறும்போதா, நின்ற பிறகா?" இந்த இரண்டு கேள்விக்காகவே அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். ஏறும்போது பின்னாலிருந்து வருகிறது என்றேன். டிக்கியின் விரிப்பையும் பக்க அட்டைகளையும் கழற்றினார்.

டேங்க் இருக்கைகளுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் குழாயும், அதை ஒட்டிய காற்றுப்போக்கு டியூப்களும் டிக்கியின் ஓரமாக, அட்டைக்குப் பின்னால் இறங்குகின்றன. அந்த டியூப் ஒன்று வளையும் இடத்தில் வறண்டு, நீளவாக்கில் வெடித்திருந்தது. விரலால் அழுத்தினால் பிளவு வாய் திறந்தது. சேலத்திலிருந்து ஏற்காடு கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. இன்ஜினுக்குப் போய்ச் சூடேறித் திரும்பி வரும் பெட்ரோல் டேங்கை வெதுவெதுப்பாக்குகிறது. இரண்டும் சேர்ந்து டேங்குக்குள் ஆவி பொங்குகிறது. அது கரித்தூள் நிரம்பிய டப்பாவுக்குப் போய் அடங்கவேண்டும். வெடித்த டியூப் வழியாக டிக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. சமவெளியில் வாடை ஏன் இல்லை என்பது அந்த நிமிடம் விளங்கியது.

இந்தக் காரில் பேட்டரியும் டிக்கியில்தான் இருக்கிறது. ஆவி தேங்கிய அதே பெட்டிக்குள். பேட்டரி முனை ஒன்று தளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தம்பி சொல்லவில்லை. தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் ஆட்டிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது.

ஒன்று கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. ஒரே வயது ரப்பர் ஓரிடத்தில் மட்டும் கெட்டுப்போகாது. வண்டியைத் தூக்கி, பின் வலது சக்கரத்துக்கு முன்னால், பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரைப் பார்த்தோம். அங்கே யாரோ முன்பு கைவைத்திருக்கிறார்கள். ஃபில்டரிலிருந்து போகும் ஹோஸுக்குப் பதிலாக, மொபெட்டுகளில் போடும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் திருகுக் கிளாம்பால் இறுக்கியிருந்தார்கள். டியூப் மஞ்சளாகிக் கண்ணாடிபோல் விறைத்திருந்தது. கிளாம்பின் பல்வரிசை அதைப் பாதி ஆழம் அறுத்திருந்தது. மொபெட்டில் பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது, அழுத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை. இது இன்ஜெக்டர் வண்டி, அதாவது பெட்ரோலை அழுத்தத்தோடு இன்ஜினுக்குள் தெளிப்பது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலைச் சுமார் மூன்று பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்த டியூப் கழன்றிருந்தால் பெட்ரோல் பீய்ச்சியிருக்கும், ஓடும் வண்டியின் சூடான சைலன்சர் குழாய் அருகில். இதைச் செய்த கையை நான் மன்னிக்கவில்லை. தெரியாது என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

மூன்றாவது கசிவு முன்னால் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் எடுத்தது. நிற்கும் வண்டியில் அது சொட்டவே இல்லை. பல கார்களில் சாவியைத் திருப்பியதும் பம்ப் ஒரு நொடி ஓடி அழுத்தம் ஏற்றும். 1.6 எம்எக்ஸ்-5 அப்படி இல்லை. காற்று அளக்கும் கருவியின் கதவு திறந்து, இன்ஜின் காற்றை இழுத்தால்தான் பம்ப் ஓடும். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும் என்பதால் நல்ல ஏற்பாடு. ஆனால் கசிவு தேடுகிறவருக்கு அதே ஏற்பாடு இடைஞ்சல். பானெட்டுக்குள் இருக்கும், கோளாறு சோதிப்பதற்கான டயக்னாஸ்டிக் பெட்டியில் 'எஃப்பி', 'ஜிஎன்டி' என்ற இரண்டு முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடாமலே பம்ப் ஓடும். வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி, பவுடர் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்தோம்.

சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. இன்ஜினின் வலப்பக்கம், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ஹோஸ், உலோகக் குழாயில் மாட்டும் இடத்தில் வியர்த்தது. வியர்வை சேர்ந்து சொட்டாகி, இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் மேனிஃபோல்டின் அடியில் இறங்கி மறைந்தது. கீழே அந்த இடத்தில் இருப்பது ஸ்டார்ட்டர் மோட்டார். சூடான புகைபோக்கி மறுபக்கம்தானே இருக்கிறது என்று இந்த வண்டிக்காரர்கள் சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் உள்ளே பொறி பறக்கிறது. இதில் ஆறுதலுக்கு இடமில்லை.

மூன்றையும் ஒட்டுப்போடாமல், டேங்கிலிருந்து ரெயில் வரை ரப்பர் என்று இருந்த எல்லாவற்றையும் மாற்றினோம். திரும்பிச் செல்லும் வழி, ஆவி டியூப்கள், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், டேங்குக்குள் பம்ப்பை இணைக்கும் சிறு ஹோஸ் உட்பட. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது எப்போதும் பெட்ரோலில் மூழ்கியே இருப்பது. உள்ளே மட்டுமின்றி வெளிப்புறமும் பெட்ரோலைத் தாங்கும் தனி ரகம் வேண்டும், வெளியே போடும் ஹோஸை அங்கே போட்டால் கரைந்துவிடும்.

வெளியே போடவும் கடையில் 'பெட்ரோல் டியூப்' என்று கேட்டுக் கொடுப்பதை வாங்கக் கூடாது. ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கவேண்டும். ஆர்7 என்றால் கார்புரேட்டர் வண்டிக்கு உரியது. இன்ஜெக்டர் வண்டிக்கு ஆர்9: உள் உறை ஃப்ளோரோ ரப்பர், அழுத்தத்தையும் தாங்கும், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் தாங்கும். சேலத்தில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அது இல்லை. கோவையில் கிடைத்தது, பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் கார் பந்தயத் தடம் இருப்பதாலோ என்னவோ. ஓரம் மடிந்த, பட்டையில் துளை இல்லாத இன்ஜெக்ஷன் கிளாம்புகளும் அங்கேயே. வளைத்து வார்த்த டியூப்கள் மட்டும் ஜப்பானிலிருந்து வரவேண்டியிருந்தது. அவை வரும்வரை வண்டி கொட்டகையிலேயே நின்றது, டேங்கை வடித்து, பேட்டரியைக் கழற்றி வைத்து.

எத்தனாலைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022-ல் நம் பெட்ரோலில் 10 சதவீதம் கலப்பு எட்டப்பட்டது. இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் வருகிறது. 1980-களில் வடிவமைத்த வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்யப்படவில்லை. ஊறி உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போடுவது நியாயமல்ல. முப்பது வருடத்துக்கு மேல் இன்ஜின் சூட்டில் இருந்த ரப்பர் எந்தப் பெட்ரோலிலும் போயிருக்கும். வண்டியைக் குறை சொல்வதும் நியாயமல்ல. எந்த நிறுவனமும் ஒரு ரப்பர் டியூபை அவ்வளவு காலத்துக்குச் செய்வதில்லை. கோபம் எனக்கு மனிதர்கள்மீதுதான்: வாடை இயல்பு என்று சொன்னவர்மீது, பிளாஸ்டிக் டியூப் மாட்டியவர்மீது.

வேலை முடிந்தபின் ஒரு மழை நாளில், டேங்கை நிரப்பி, கூரையை மூடி, கண்ணாடியை ஏற்றி மேலே போனேன். சரக்கு லாரி ஒன்றின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து இன்ஜின் நன்றாகச் சூடேறியது. ஏரிக்கரையில் நிறுத்தி டிக்கியைத் திறந்து முகர்ந்தேன். ஈரக் கார்பெட்டின் வாடை மட்டும்தான். இத்தனை வருடத்தில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த எந்த வளைவையும்விட அது சந்தோஷமாக இருந்தது. செலவு நான்கு நல்ல டயர் வாங்கும் தொகையைவிடக் குறைவு.

இனி தோழிக்குப் பதில். வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பாய். உன் வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். காரை வீட்டுக்குக் கீழேயே, சமையலறைச் சுவரை ஒட்டி நிறுத்துகிறாய். ஓசூரில் இந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க உனக்கு யாரையும் தெரியாது. விற்பவர் படம் அனுப்பினார், புது பெயின்ட் மின்னுகிறது என்றாய். பெயின்ட் அடித்தவர் ஹோஸைத் தொட்டிருக்க மாட்டார். என் வண்டியைக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் நினைக்காதே, அது விற்பனைக்கு இல்லை.

அப்படியும் மனம் கேட்காமல் பார்க்கப் போனால், பானெட்டுக்கு முன் டிக்கியைத் திறக்கச் சொல். விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார். வாடை இருந்தும் விற்பவர் "பழைய வண்டி, அப்படித்தான்" என்றால், அந்த ஹோஸ்கள் மாறும்வரை சாவியைக்கூட வாங்காதே. ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்.