அடைமழை ஈரத்துக்கு எது கேட்கும்: ஏசியின் டிரை மோடா, தனி டீஹியூமிடிஃபையரா?

சென்னையில் ஏசி வாங்கப் போனால் டன், ஸ்டார், விலை மூன்றைத்தான் பேசுகிறோம். அறையிலிருக்கும் ஈரத்தை அது எவ்வளவு எடுக்கும் என்று கேட்பதேயில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புத் திட்டும், பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளைப் பூசணமும் தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்வியே வருகிறது. எனவே இங்கே குளிர்ச்சியை விட்டுவிட்டு ஈரத்தை மட்டும் வைத்து, ஏசியின் சாதாரண கூல் மோடு, ஈரத்தைக் குறைப்பதற்கென்று ரிமோட்டில் இருக்கும் டிரை மோடு, காற்றின் ஈரத்தை மட்டும் எடுக்கும் தனி மெஷினான டீஹியூமிடிஃபையர் மூன்றையும் பார்க்கிறேன்.

மழைக்கால இரவில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு இது சாதாரணம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேல் பட்டாலும் அங்கே நீர் பூக்கும். ஏசியை 18-இல் வைத்துத் தூங்கினால் காலையில் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் நனைந்திருப்பது இதனால்தான். கண்ணாடியைத் துடைத்துவிடலாம், ஆனால் ஏசி இல்லாத பக்கத்து அறையில் அதே சுவரை ஒட்டி நிற்கும் மர அலமாரியின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஈரப்பதம் நாள் கணக்கில் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சைக்கு அது தோதான இடம்.

மே மாதத்தில் சாதாரண கூல் மோடே போதும். வெயில் கடுமையாக இருப்பதால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் (ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) சில்லென்று இருக்கும், தண்ணீர் ட்ரெயின் குழாயில் கொட்டிக்கொண்டே இருக்கும். 24 அல்லது 25-இல் வைத்து ஃபேன் வேகத்தைக் குறைத்தால் காயில் இன்னும் குளிர்ந்து, கூடுதலாக ஈரத்தை இழுக்கும். இங்கே கெடுப்பது டன் கணக்குதான். நூறு சதுர அடி படுக்கையறைக்கு ஒன்றரை டன் மாட்டினால், அதுவும் தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் இல்லாத வகையாக இருந்தால், சீக்கிரமே குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஃபேன் மட்டும் ஓடும், காயிலில் தங்கியிருக்கும் தண்ணீர் திரும்ப அறைக்குள்ளேயே ஆவியாகும். ஈரத்துணியை ஃபேன் முன்னால் காயப்போட்டது போலத்தான் அது. குளிரும் இருக்கும், நசநசப்பும் இருக்கும். "கடையில் பெரிசா போட்டுக்கோங்க சார்னு சொன்னாங்க" என்று நிறைய பேர் வாங்கிவிடுகிறார்கள், எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. சின்ன அறைக்கு ஒரு டன் இன்வெர்ட்டர்தான் என் தேர்வு.

சரி, ஐப்பசி கார்த்திகை? இங்கேதான் டிரை மோடை நம்பி ஏமாறுகிறோம். பெரும்பாலான வீட்டு ஏசிகளில் டிரை மோடு ஈரப்பதத்தை அளப்பதில்லை, அறை வெப்பநிலையைப் பார்த்துத்தான் கம்ப்ரசரை இடைவெளி விட்டு விட்டு ஓட்டுகிறது. அறை ஏற்கெனவே 25-இல் இருக்கும் மழை நாளில் அது கொஞ்ச நேரம் ஓடும், குளிரும், நின்றுவிடும். போர்வைக்குள் நடுங்குவோம், ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானியில் மட்டும் 70 சதவீதம் அப்படியே நிற்கும். புழுக்கமான செப்டம்பர் சாயங்காலத்துக்கு டிரை மோடு நல்லது, தொடர்மழைக்கு அது போதாது.

அந்த மாதங்களில் டீஹியூமிடிஃபையர்தான் ஜெயிக்கிறது, எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அறை குளிர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை, 55 என்று வைத்தால் 55 வரும் வரை ஓடும். மின்சாரமும் ஏசியை விடக் குறைவு: 300 வாட் வகை எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். குறை இல்லாமல் இல்லை. அறையை இரண்டு மூன்று டிகிரி சூடாக்கும், சத்தம் போடும், தொட்டி நிறைந்தால் நின்றுவிடும், விலையும் சின்ன ஏசியின் பாதியைத் தொடும். மே மாதத்தில் இதைப் போட்டால் ஏசிக்குத்தான் கூடுதல் வேலை. அப்புறம், இரண்டு மூன்றாயிரத்துக்கு ஆன்லைனில் கிடைக்கும் கையடக்கப் பெட்டிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள், நாளெல்லாம் ஓடினாலும் அரை லிட்டர் எடுத்தால் பெரிது.

ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா பீரோவுக்குள் மட்டும் உதவும். ஜன்னலைத் திறந்து வைப்பது ஜனவரிக்கு மேல் நல்ல யோசனை, மழையில் அது வெளி ஈரத்தை உள்ளே கூப்பிடுவதுதான். தரைத்தள வீட்டில் சுவர் ஓதம் அடித்தால் எந்த மெஷினும் தீர்க்காது, முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

ஏசிக்குள்ளேயே பூஞ்சை இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. காற்று வரும் இடுக்கில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், ப்ளோயர் இறக்கைகளில் கறுப்புப் புள்ளிகள் அப்பியிருந்தால் ஆன் செய்ததும் வரும் அந்த ஊசின வாடைக்குக் காரணம் அதுதான். ஃபில்டரைக் கழுவுவதால் அது போகாது, வாட்டர் சர்வீஸ் செய்ய வருபவரிடம் ப்ளோயரையும் ட்ரெயின் தட்டையும் சேர்த்துக் கழுவச் சொல்லிக் கேளுங்கள். அணைக்கும் முன் அரை மணி நேரம் ஃபேன் மோடில் விட்டால் காயில் உலர்ந்துவிடும். அந்த ஈரம் அறைக்குள்தான் வரும் என்பதால் அப்போது மட்டும் கதவைத் திறந்து வையுங்கள். ஆட்டோ கிளீன் பட்டன் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எதையும் வாங்கும் முன் சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரமானி வாங்கி, பீரோ இருக்கும் மூலையில் ஒரு வாரம் வையுங்கள். காலையில் 60-க்குக் கீழே காட்டினால் ஏசி அமைப்பைச் சரிசெய்தாலே போதும். 70-ஐத் தாண்டியே நின்றால் நாளுக்கு 20 லிட்டர் எடுக்கும் டீஹியூமிடிஃபையராக, ட்ரெயின் குழாய் மாட்டும் வசதியோடு பார்த்து வாங்குங்கள்.