மூணு விரல், ரெண்டு ஆபீஸ்: விபத்து நஷ்டஈடு கேஸ் நடத்துறவங்க பத்தி என் ரிவ்யூ

ஸ்டார் கணக்கை முதல்லயே சொல்லிடுறேன். முதல் ஆபீஸ், ஆஸ்பத்திரி வாசல்லயே விசிட்டிங் கார்டு குடுத்துப் புடிச்ச "க்ளெய்ம் கன்சல்டன்சி", அதுக்கு ஒண்ணு, அதுவும் பூஜ்யம் போட வழி இல்லாததால. ரெண்டாவது, தம்புச் செட்டித் தெருவுல மாடியில இருக்குற ஒரு வக்கீல் மேடம் ஆபீஸ், அதுக்கு நாலு. ரெண்டு ஆபீஸோட பேரையும் நான் போடல. மேடம் பேரு போடலாமான்னு கேட்டதுக்கு வக்கீலுங்க விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் ரூலே இருக்கு, வேணாம்மான்னுட்டாங்க. முதல் ஆபீஸ்காரன் சுவத்துல ஒட்டுறான், ஆட்டோ பின்னாடி ஒட்டுறான், ஆஸ்பத்திரி டீக்கடையில கூட ஒட்டி வச்சிருக்கான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

நடந்தது 2022 ஆகஸ்ட். என் தம்பிக்கு அப்ப 30 வயசு, அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்ல (தகட்டை மெஷின்ல அடிச்சு பாகம் செய்யுற பட்டறை) வேலை, முதலாளி தவிர மொத்தமே எட்டு பேரு, மாசம் 14,000 சம்பளம். பழைய பவர் பிரஸ், காலால பெடல் மிதிச்சா ஒரு அடி அடிச்சு மேல போய் நிக்கணும். உள்ள கீ-யோ ஸ்ப்ரிங்கோ தேஞ்சு போச்சுன்னா சில நேரம் மிதிக்காமலே இன்னொரு அடி வரும், இவங்க பாஷையில "ரிபீட் அடிக்குது"ம்பாங்க. ரெண்டு வாரமா ரிபீட் அடிக்குதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்காங்க, இந்த ஆர்டர் முடியட்டும் பாத்துக்கலாம்னிருக்காரு. டை-க்கு (தகடை அடிக்கிற அச்சு) முன்னாடி கூண்டு மாதிரி ஒரு பாதுகாப்புத் தடுப்பு, கார்டும்பாங்க, இருந்திருக்கு, பீஸ் வைக்க லேட் ஆகுதுன்னு அதையும் கழட்டி மூலையில சாத்தி வச்சிருந்தாங்க. அந்த டைப் பிரஸ் அடிக்க ஆரம்பிச்சா நடுவுல நிக்காதாம், அதனால புதுசா சென்சார் மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல, கை உள்ள போகாத மாதிரி கார்டு இருக்கணும், இல்லன்னா பீஸை டாங்ஸ்ல (இடுக்கி) வச்சு எடுக்கணும், அவ்வளவுதான். அந்தத் தகடு கூண்டு என்ன விலை வந்துடப் போகுது சொல்லுங்க. வலது கையில ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணும் போச்சு.

ரிவ்யூவுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா யாருக்காவது உதவும்: அறுந்த விரலை நேரா ஐஸ்ல போடக் கூடாது. ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ்ல வைக்கணும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கைக்குன்னே தனி பிரிவு இருக்கு. இவங்க ஷாப்ல விரலைத் தேடக்கூட யாருக்கும் தோணல, அவன் கையை ஒரு பனியன்ல சுத்தி பைக்ல உக்கார வச்சு கொண்டு போயிட்டாங்க, அதுவும் பக்கத்துல இருந்த ஏதோ கிளினிக்குக்கு.

மூணாவது நாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஐம்பதாயிரம் ரூபா, கூடவே ஒரு பத்திரம். "எனக்கும் கம்பெனிக்கும் இனி எந்த பாக்கியும் இல்லை"ன்னு டைப் பண்ணி ரெடியா இருந்துச்சு. வலது கை கட்டுல இருக்கு, இடது கட்டை விரல் ரேகை வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் அப்ப மருந்து வாங்க கீழ போயிருந்தேன். மேல வந்து பாத்தா தம்பி அழுதுட்டு இருக்கான், கட்டை விரல்ல நீல மை.

இந்த நேரத்துலதான் கன்சல்டன்சி ஆளு வந்தாரு. வந்து உக்காந்த உடனே, "பதினஞ்சு லட்சம் வாங்கித் தர்றோம் சிஸ்டர், எங்களுக்கு முப்பது பர்சன்ட், கேஸ் ஜெயிச்சாத்தான் காசு". கேக்க நல்லா இருக்குல்ல? ஏசி ரூம், சோபா, சுவத்துல செக் வாங்குறவங்க போட்டோ. பேப்பர்ல கையெழுத்து போடச் சொன்னாங்க, அதுல பாதி வெத்துப் பேப்பர். ஒரிஜினல் டிஸ்சார்ஜ் சம்மரி, ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியோட விபத்துப் பதிவு நகல்), எக்ஸ்ரே எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாங்க. நாலு மாசம், "ஃபைல் மூவ் ஆகுது சிஸ்டர்". எங்க மூவ் ஆகுதுன்னு கேட்டா பதில் இல்ல. அப்புறம் ஒரு நாள் போன் பண்ணி, முதலாளி ஒரு லட்சத்து இருபதுக்கு ஒத்துக்கிட்டாரு, வாங்கிக்கோங்கன்னாங்க. பதினஞ்சு லட்சம் எங்க போச்சுன்னு கேட்டேன், தம்பி பத்திரத்துல ரேகை வச்சுட்டான்ல, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு பழிய அவன் மேல போட்டாங்க. பேப்பர் திரும்ப வாங்க மூணு தடவை அலைஞ்சேன், மூணாவது தடவை வாசல்ல நின்னு கத்தினேன், அப்பதான் குடுத்தாங்க, எக்ஸ்ரே மட்டும் கடைசி வரைக்கும் வரல.

ரெண்டாவது ஆபீஸ் கதைக்கு வரேன். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லித்தான் போனோம். லிஃப்ட் கிடையாது, மூணு மாடி ஏறணும், உக்கார ஒரு பெஞ்சு, ஃபேன் சத்தம் காதைப் பொளக்கும். மேடம் எவ்வளவு கிடைக்கும்னு வாயே திறக்கல. முதல் கேள்வி, "இ.எஸ்.ஐ. புடிச்சாங்களா?" ரெண்டாவது கேள்வி, "சம்பளம் எப்படி குடுத்தாங்க, கையிலயா, பேங்க்லயா?" மூணாவது, "மருந்து பில்லு எல்லாம் வச்சிருக்கீங்களா?"

இ.எஸ்.ஐ. ஏன்னா, அது சம்பளத்துல புடிச்சுக் கட்டுற அரசு தொழிலாளர் காப்பீடு, அதுல இருக்குற தொழிலாளி வேலையில அடிபட்டா இ.எஸ்.ஐ.-ல இருந்துதான் வாங்கணும், அந்தச் சட்டத்தோட 53ஆம் பிரிவுப்படி முதலாளி மேல தனியா நஷ்டஈடு கேஸ் போட முடியாது. அதை மட்டமா நினைக்க வேணாம், ஆள் இறந்துட்டா குடும்பத்துக்கு சம்பளத்துல 90 சதவீதக் கணக்குல மாசாமாசம் வரும். ஆனா பத்து பேருக்குக் கீழ இருக்குற ஷாப்புங்கறதால தம்பிக்கு அது பொருந்தாது, 1923ஆம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான். அதுல ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும், நாங்க கன்சல்டன்சியில தொலைச்ச நாலு மாசம் போக டைம் இருந்துச்சு, நல்ல வேளை.

ரேகை வச்ச பத்திரத்தைக் காட்டினதும் மேடம் சிரிச்சாங்க. 17ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்காம், நஷ்டஈட்டு உரிமைய விட்டுக் குடுக்கறேன்னு தொழிலாளிகிட்ட என்ன எழுதி வாங்கினாலும் அது செல்லாது. எனக்கு அந்த இடத்துலயே அழுகை வந்துடுச்சு, ஏன்னா நாலு மாசமா வீட்டுல அவனை எல்லாரும் திட்டிட்டு இருந்தோம். அந்த ஐம்பதாயிரத்தை மறைக்காதீங்க, வாங்கினேன்னே சொல்லுங்க, வைத்தியச் செலவுக்குக் குடுத்தது நஷ்டஈடா கணக்காகாதுன்னாங்க.

ஃபீஸ் விஷயம். மொத்தம் 25,000, நாலு தவணை, பர்சன்ட் கிடையாது. ஜெயிச்ச பணத்துல பங்கு பேசுறதையே பார் கவுன்சில் தடுத்து வச்சிருக்குன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்கும் மேல, "ஃப்ரீயாவே வக்கீல் கிடைக்கும்மா, தொழிலாளின்னா சட்ட உதவிக்குத் தகுதி உண்டு, 15100க்கு போன் பண்ணிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க"ன்னாங்க. கடைக்காரரே எதிர்க் கடைக்கு வழி சொன்ன மாதிரி. அதனாலயே அவங்ககிட்டயே குடுத்துட்டோம்.

கணக்கு எப்படி போடுறாங்கன்னு யாராவது கேப்பீங்க, சொல்றேன். முழுசா ஊனம்னா மாசச் சம்பளத்துல 60 சதவீதத்தை வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்கணும், 30 வயசுக்கு அது 207.98. இறந்துட்டா 60க்குப் பதிலா 50 சதவீதம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 ஜனவரியில இருந்து 15,000 வரைக்கும்தான் எடுத்துப்பாங்க. தம்பிக்கு 8,400ஐ (14,000ல 60 சதவீதம்) 207.98ஆல பெருக்கினா 17 லட்சத்து 47 ஆயிரம், ஒரு கையில மூணு விரல் போனா சட்டத்தோட பட்டியல்ல 30 சதவீதம், ஆக 5,24,109 ரூபா. கன்சல்டன்சி சொன்ன பதினஞ்சு லட்சம் எந்தக் கணக்குலன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல.

முதலாளி தரப்பு எதிர்மனுவுல ரெண்டு விஷயம் போட்டாங்க. ஒண்ணு, சம்பளம் 9,000தான். ரெண்டு, கார்டை தம்பியே வேணும்னு கழட்டினான். ரெண்டாவதுதான் டேஞ்சர், ஏன்னா பாதுகாப்பு கார்டை தொழிலாளி தெரிஞ்சே கழட்டினான்னு நிரூபிச்சா நஷ்டஈடு கிடையாது (சாவு, முழு ஊனம்னா இந்தச் சாக்கு எடுபடாதாம், விரலுக்கு எடுபடும், என்ன நியாயமோ). கூட வேலை பாத்த பசங்க யாரும் சாட்சிக்கு வரல, அவங்களையும் குறை சொல்ல முடியாது, வேலை போயிடும். கடைசியில காப்பாத்துனது என்ன தெரியுமா, ஒரு பையன் எப்பவோ வச்ச வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வீடியோ, பாட்டு போட்டு ஷாப்பைச் சுத்திக் காட்டியிருக்கான், அதுல எந்த பிரஸ்லயும் கார்டு இல்ல, சூப்பர்வைசர் பக்கத்துலயே டீ குடிச்சுட்டு நிக்கிறாரு. சம்பளத்துக்கு ஜிபே. மாசாமாசம் முதலாளி நம்பர்ல இருந்து 14,000 வந்த ஹிஸ்டரி. அதை பிரிண்ட் போட்டு வச்சதும் 9,000 கதை முடிஞ்சுது. கையில காசு வாங்குறவங்க தயவுசெஞ்சு பாதியையாவது பேங்க்ல போடச் சொல்லுங்க.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, 1975லயே சுப்ரீம் கோர்ட் ஒரு தச்சர் கேஸ்ல, ஒரு கை போனாலே அவரால தச்சு வேலை செய்யவே முடியாது, அதனால முழு ஊனம்தான்னு சொல்லியிருக்கு. தம்பிக்கும் பிரஸ் வேலை தவிர ஒண்ணும் தெரியாது. அந்தப் பாயின்ட்டை மேடம் வாதாடினாங்க, ஆனா டாக்டரைக் கூப்பிட்டு சாட்சி சொல்ல வைக்கல, டாக்டர் வர மாட்டாரு, வாய்தா மேல வாய்தா ஆகும்னு விட்டுட்டாங்க. பட்டியல்ல இருந்த 30தான் வந்துச்சு. நான் கேட்டப்ப, "அது என் தப்புதாம்மா, இன்னும் அழுத்தி இருக்கலாம்"னாங்க. இப்படி ஒத்துக்கற ஆளு கம்மிதான், ஆனாலும் ஸ்டார் ஸ்டார்தான். போன் எடுக்க மாட்டாங்க, அதுவும் ஒரு குறை. குமாஸ்தா அண்ணன்தான் தெய்வம், ஆஜர் தேதி எல்லாம் அவரே மெசேஜ் பண்ணிடுவாரு.

அந்த பெஞ்சுல பழக்கமான ஒரு அக்காவைப் பத்தி சொல்லணும். விழுப்புரம் பக்கம். வீட்டுக்காரர் சாரத்துல நின்னு பூச்சு வேலை பாத்தவரு, ஏழாவது மாடியில பலகை சரிஞ்சு விழுந்து இறந்துட்டாரு. பெல்ட் இருந்துச்சாம், மாட்டுறதுக்கு கயிறு கட்டல. மேஸ்திரி ரெண்டு லட்சம் கையில குடுத்து ஊருக்கு அனுப்பி வச்சுட்டாரு. மேடம் அந்த அக்காகிட்ட சொன்னதை நான் பக்கத்துல இருந்து கேட்டேன்: சாவு கேஸ்ல பணத்தை இந்த நஷ்டஈட்டு கேஸை விசாரிக்கிற ஆணையர்கிட்டதான் கட்டணும், நேரா கையில குடுத்தா சட்டப்படி குடுத்ததாவே ஆகாது. மேஸ்திரி கைய விரிச்சாலும் கட்டிடம் கட்டுற பில்டர்தான் முதல்ல பொறுப்பு, 12ஆம் பிரிவு. கட்டிடத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தா அந்தப் பணம் தனி. அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு, "மேஸ்திரி இன்சூரன்ஸ்னு சொல்லி எங்கிட்ட மாசம் நூறு ரூபா புடிச்சாரு மேடம், அது எங்க போச்சு"ன்னு மட்டும் கேட்டாங்க. மேடத்துக்கும் பதில் தெரியல. 2014ல மௌலிவாக்கத்துல 11 மாடி இடிஞ்சு 61 பேர் செத்தப்ப டிவியில நாள் முழுக்க காட்டினாங்க. இப்படி ஒத்தையா விழுறவங்க பேப்பர்ல நாலு வரி கூட வர்றதில்ல, அந்தக் குடும்பத்துக்கு இந்த மாதிரி ஒரு ஆபீஸ் இருக்குன்னு யாரு போய் சொல்றது?

எங்க ஆர்டர் 2024 நவம்பர்ல வந்துச்சு. 5,24,109, அதுக்கு 12 சதவீத வட்டி, அப்புறம் பில் இருந்த அளவுக்கு மருந்துச் செலவு 38,000. பில்லு தொலைச்சது என் தப்பு, அது ஒரு அறுபதாயிரம் இருக்கும். முதலாளி கட்டல. அப்பீல் போகணும்னாலும் முழுப் பணத்தையும் கட்டிட்டுத்தான் போக முடியும், அதனால அப்பீலும் போகல, சும்மா இழுத்தாரு. மேடம் 31ஆம் பிரிவுல மனு போட்டாங்க, வரி பாக்கி மாதிரி வசூல் பண்றது, தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் போனதும் 2025 மார்ச்ல கட்டிட்டாரு. வட்டியெல்லாம் சேர்த்து ஏழு லட்சத்தைத் தாண்டுச்சு. தம்பி இப்ப மாமியார் ஊர்ல மாவு மில் வச்சிருக்கான், பெல்ட்டுக்கு முதல் வேலையா கம்பி வலை அடிச்சான்.

புதுசா கேஸ் போடுறவங்களுக்கு ஒண்ணு: 2025 நவம்பர் 21ல இருந்து இந்தப் பழைய சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புன்னு ஒரே சட்டத்துக்குள்ள போயிடுச்சு, வீட்டுக்கும் வேலைக்கும் போய் வர்ற வழியில அடிபட்டாலும் சேர்த்துக்கறாங்களாம். நான் சொன்ன பிரிவு நம்பரெல்லாம் பழசு, அதைப் புடிச்சுட்டு வக்கீல்கிட்ட சண்டை போடாதீங்க.

மேடம் ஆபீஸுக்குப் போறவங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க, பகல்ல கோர்ட்டுல இருப்பாங்க. ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., ஜிபே பிரிண்ட் எல்லாத்துலயும் மூணு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, கீழ கடையில ஒரு பக்கத்துக்கு மூணு ரூபா வாங்குறான், ஒரிஜினலை எவன் கேட்டாலும் குடுக்காதீங்க.