கிரவல் ரோட்டில் இரண்டு வருடம்: சி.டி. 100க்குப் போட்ட காஸ் சொக் சோடி

2023 ஓகஸ்டில் என்னுடைய பைக்கின் பின் சொக் (குலுக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டு) இரண்டையும் கழற்றிவிட்டுப் பக்கத்தில் சின்னக் குடுவை வைத்த காஸ் சொக் சோடி ஒன்று போட்டேன். இப்போது இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது, 29,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். போட்டு ஒரு கிழமையில் எழுதியிருந்தால் "வேண்டாம், காசைக் கரியாக்காதீர்கள்" என்றுதான் எழுதியிருப்பேன். இவ்வளவு நாள் பொறுத்தது நல்லது.

முதலில் என் ஓட்டத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்வது என் தொழில். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்து முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை, நெடுங்கேணிப் பக்கம், சில நாள் மாங்குளம் தாண்டியும் போவேன். மாங்குளம் முல்லைத்தீவு வீதி தார், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் மாட்டுப்பட்டி தார் ரோட்டில் இருக்காதே. கிரவல் ரோட்டு, அதிலிருந்து இறங்கினால் வாய்க்கால் கட்டு, அதற்குப் பிறகு கிடங்கும் திட்டியுமான ஒழுங்கை. பின் கரியரில் 3 லீற்றர் திரவ நைதரசன் கலன் இருக்கும். உள்ளே இருப்பது சைபருக்குக் கீழே 196 பாகை. அந்தக் கலன் வெளியில் அலுமினியம், உள்ளே இன்னொரு பாத்திரம், அந்த உள்பாத்திரம் கழுத்தில் மட்டும்தான் தொங்குகிறது. பலமாகக் குலுங்கிக் குலுங்கிக் கழுத்து வெடித்தால் இடையிலுள்ள வெற்றிடம் போய்விடும், இரவோடு இரவாக நைதரசன் முழுக்க ஆவியாகும், உள்ளே வைத்திருந்த விந்துக் குச்சிகள் எல்லாம் வீண். நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடவும் ஏலாது. காலையில் வேட்கைக்கு வந்த மாட்டுக்கு அன்று பின்னேரம் ஊசி போட்டாகவேண்டும். "தம்பி, மாடு விடியத் தொட்டுக் கத்துது, பின்னேரம் வருவியளோ" என்று அழைப்பு வந்தால் மழையோ சேறோ வெளிக்கிடவேண்டியதுதான்.

பைக் 2016 ஆம் ஆண்டு பஜாஜ் சி.டி. 100. ஸ்பிரிங்குக்குள் இன்னொரு ஸ்பிரிங் வைத்த அதன் பழைய சொக் எனக்கு ஏழு வருடம் உழைத்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2020 மார்ச்சுக்குப் பிறகு வாகன இறக்குமதி நின்று, பழைய பைக்கின் விலையே புதிதின் விலையைத் தாண்டிய காலம் அது. கையில் இருப்பதைப் பேணி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சொக் போய்விட்டதை நான் கண்டுபிடித்தது சீற்றை அமத்திப் பார்த்துத்தான். இரண்டு கையாலும் அமத்தி விட்டால் ஒருதரம் எழும்பி நிற்கவேண்டும். என்னுடையது மூன்றுதரம் ஆடி நின்றது. வலப்பக்கத் தண்டில் எண்ணெய் கசிந்து, அதில் செம்மண் தூசி ஒட்டி, களி மாதிரி ஒரு வளையம் கட்டியிருந்தது. கராஜ் அண்ணை விரலால் அதை வழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது செத்துப்போச்சு. உள்ளுக்க எண்ணெய் இல்லை, ஸ்பிரிங் மட்டும்தான் உங்களைத் தாங்குது."

புதிய சோடி 28,000 ரூபா. வவுனியாவில் வாங்கினேன். பெயர் எழுதவில்லை, ஏனென்றால் இதே வடிவத்தில் பல பெயர்களில் வருகிறது, பெயரைவிட அளவுதான் முக்கியம். கடைக்குப் போகமுதல் பழையதைக் கண்ணுக்குக் கண் (மேல் துவாரத்தின் நடுவிலிருந்து கீழ்த் துவாரத்தின் நடுவரை) அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மேல் புஷ்ஷின் துவாரம், கீழ் கவட்டின் அகலம், குடுவை சைலன்சரிலோ பக்கக் கவரிலோ முட்டுமா என்பது, இவ்வளவும் பார்க்கவேண்டும். எனக்குக் கிடைத்தது பழையதைவிட 10 மில்லிமீற்றர் நீளம். அதனால் பின்பக்கம் உயர்ந்தது, இரவில் லைற் முன் சில்லுக்குக் கிட்டவே விழுந்தது, சைட் ஸ்ரான்டில் நிறுத்தினால் முன்னைவிடக் கூடச் சரிந்தது. கலன் கட்டிய பைக் அப்படிச் சரிந்து நிற்பது ஆபத்து. ஸ்ரான்டின் பாதத்தில் ஒரு தகடு ஒட்டவைத்துச் சரிசெய்தேன். லைற்றையும் உயர்த்தித் திருப்பினேன்.

பூட்டுவது பெரிய வேலை இல்லை, இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் இருந்தால் சரி. நடு ஸ்ரான்டில் ஏற்றி, பின் சில்லுக்குக் கீழே பலகை கொடுத்து, ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டபிறகு மற்றப் பக்கம். இரண்டையும் கழற்றினால் சில்லு கீழே தொங்கிவிடும், பிறகு துவாரத்துக்குத் துவாரம் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். என் வலப்பக்க மேல் நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது, முதல் நாள் இரவே டீசல் விட்டு ஊறவைத்தோம். நட்டுகளை அந்தரத்தில் முழுதாக இறுக்கவேண்டாம். பைக்கைத் தரையில் இறக்கி, ஒருவர் ஏறி இருந்தபிறகு கடைசி இறுக்கு இறுக்கினால் றப்பர் புஷ் முறுகாமல் நிற்கும். பிறகு செயினின் தொய்வைப் பாருங்கள், பின்பக்கம் உயர்ந்தால் அதுவும் மாறும்.

சரி, ஓடிப்பார்த்தேன். முதல் நாளே மனம் உடைந்துபோனது. பெரிய கிடங்கில் பரவாயில்லை, ஆனால் வலதுகரைக் கிரவல் ரோட்டில் பழையதைவிட மோசம். பற்கள் அடிபடுகிற மாதிரி ஒரு நடுக்கம். கலனின் மூடி உள்ளே கடகடவென்று அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று கிழமை அப்படியே ஓடினேன். கடைக்காரரிடம் கேட்டால் "புதுசுதானே, இளகும்" என்றார்.

விளங்கவைத்தது கனடாவில் இருக்கிற என் மச்சான். அவர் அங்கே குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர், அதன் பின் சஸ்பென்சனையே வேறு வாங்கி மாற்றியவர். அந்த வண்டிக்குப் பின்பக்கம் சில்லே இல்லை, அகலமான றப்பர் பட்டி, அதற்குள் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு சொக். பின் ஸ்பிரிங் கூட அமர்ந்தால் முன்னால் உள்ள ஸ்கீ பனியில் பிடிக்காது, திருப்பினாலும் வண்டி நேரே போகும் என்றார். பனிக்கும் கிரவலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "மச்சான், முதல் அளந்து எழுது, பிறகு திருகு" என்று மட்டும் சொன்னார். அவர் ஓடும் பனிப்பாதையும் மற்ற வண்டிகள் ஓடி ஓடி வரிவரியாக அலை கட்டுமாம். எங்கள் ரோட்டு மாதிரியே.

அளந்தேன். மட்காட்டில் ஒரு டேப் துண்டை ஒட்டி, அச்சாணியிலிருந்து அதுவரை உள்ள உயரத்தை எடுத்தேன்: சில்லு தொங்கும்போது ஒன்று, நானும் கலனும் பையும் ஏறியபிறகு ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமர்வு. மொத்த ஓட்டம், அதாவது சில்லு மேலே கீழே போகக்கூடிய தூரம், 100 மில்லிமீற்றர் அளவென்றால் அமர்வு அதில் கால்பங்குக்கும் மூன்றிலொன்றுக்கும் இடையில் நிற்கவேண்டும். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமத்தி வைக்கச் சொக்கில் ஐந்து படி இருக்கிறது. முதல் படியில் எனக்கு 41 வந்தது, அது அளவுக்கு மேல். மூன்றாம் படிக்கு ஏற்றியதும் 31. மனைவியும் மகளும் ஏறினால் மூன்றாம் படியில் 58, ஐந்தாம் படியில் 49. அதற்குமேல் படி இல்லை. இங்கே ஒன்று சொல்லவேண்டும், பலர் இதைப் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை. அது தொடங்கும் இடம்தான் மாறுகிறது, பைக் உயர்ந்து நிற்கும். பாரம் ஏற்றி ஓடுகிறவருக்கு ஸ்பிரிங் உண்மையிலேயே போதாவிட்டால் கெட்டியான ஸ்பிரிங்தான் போடவேண்டும், படி உதவாது.

ஆனால் அந்த நடுக்கத்துக்குக் காரணம் படியில்லை. சொக்கின் அடியில் ஒரு சின்ன வளையம் இருக்கிறது, திருகினால் கிளிக் கிளிக் என்று 14 தரம் கேட்கும். அமர்ந்த சொக் எவ்வளவு வேகமாகத் திரும்ப நீளவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பூட்டும்போது இரண்டையும் கடைசிவரை இறுக்கியிருந்தோம், இறுக்கினால் பலம் என்ற எண்ணத்தில். கிரவல் ரோட்டில் என்ன நடக்கிறது என்று கணக்குப் பாருங்கள். இரண்டு அடிக்கு ஒரு வரி இருக்கிறது, நீங்கள் 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறீர்கள் என்றால், ஒரு செக்கனுக்கு 18 தரம் சில்லு அடிபடுகிறது. முதல் அடியில் அமர்ந்த சொக் நீளமுதல் அடுத்த அடி, அது முடியமுதல் அதற்கடுத்த அடி, இப்படியே அமர்ந்து அமர்ந்து கடைசியில் ஓட்டமே இல்லாமல் அடிக்கட்டையில் நிற்கிறது. அப்போது கீழே இருப்பது சொக்கே இல்லை, இரும்புத் தடி. இரண்டு பக்கமும் ஒரே அளவாக 6 கிளிக் தளர்த்தினேன். அடுத்த நாள் அதே ரோட்டு, அதே வேகம். கலனின் மூடிச் சத்தம் நின்றுவிட்டது. நான் பைக்கை நிறுத்தி, கலன் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு அமைதி.

காஸ் எதற்கு என்றால், சாதாரண எண்ணெய் சொக்கில் எண்ணெயும் காற்றும் ஒன்றாக இருக்கும். வரிக்கிரவலில் அரை மணித்தியாலம் ஓடினால் இரண்டும் கலந்து நுரைக்கும், நுரை வழிவிடும், சொக் வெறும் ஸ்பிரிங்காகிவிடும். நைதரசனை அழுத்தத்தில் அடைத்தால் நுரைப்பது குறையும். என் முதுகுக்குப் பின்னால் உறைகுளிரில் இருப்பதும் அதே நைதரசன்தான், அந்த நினைப்பு எனக்கு ஏனோ பிடிக்கும். புதிய சோடியோடு முத்தையன்கட்டில் இருந்து ஒரே மூச்சில் வந்தாலும் கடைசிக் கிலோமீற்றரிலும் முதல் கிலோமீற்றரின் பிடிதான். பழையதில் பாதி வழியில் பின்பக்கம் ஆடத் தொடங்கும்.

கலனின் மட்டத்தை மரக்கோலால் அளப்போம். கோலை உள்ளே விட்டுச் சில செக்கன் பிடித்து எடுத்தால் நைதரசன் நின்ற உயரம்வரை வெண்பனி பூக்கும், அந்தக் கோடுதான் மட்டம். காலையும் மாலையும் பார்த்து எழுதுவது என் பழக்கம். கிரவல் ரோட்டு நாட்களில் முன்பு குறைந்த அளவைவிட இப்போது குறைவது குறைவு என்று என் கொப்பி சொல்கிறது. வெயிலும் திறந்து மூடும் தடவையும் சேர்ந்து மாறுவதால் இதைச் சொக்கின் கணக்கில் முழுக்க எழுதமாட்டேன். கரியரின் ஒட்டு முன்பு வருடத்துக்கு இரண்டுதரம் விடும், இந்த இரண்டு வருடத்தில் ஒருதரம்கூட விடவில்லை. அதைத் தயங்காமல் சொக்கின் கணக்கில் எழுதுவேன்.

இனிக் குறை. முதல் மாரியில் சேறு படாமல் பழைய ரியூபை வெட்டித் தண்டுக்கு உறை போட்டேன். இங்கே பலர் செய்வதுதான். நீங்கள் செய்யாதீர்கள். உறைக்குள் போன சேறு வெளியே வரவில்லை, மணல் அடியில் தங்கி, தண்டின் பளபளப்பில் கோடு கீறிவிட்டது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். 19 ஆம் மாதம் இடப்பக்கம் கசியத் தொடங்கியது. காஸ் அழுத்தத்தில் இருக்கும் சாமானைத் தெரியாதவர் கழற்றக்கூடாது. இங்கே காஸ் அடிக்கும் ஆளும் இல்லை. பஸ்ஸில் பார்சல் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினேன். தண்டும் சீலும் மாற்றி, காஸ் அடித்துத் திரும்பி வர 24 நாளும் 11,000 ரூபாவும் போனது.

அந்த 24 நாளும் ஓடுவதற்காகச் சாதாரண எண்ணெய் சொக் புதிய சோடி ஒன்றை 9,500 ரூபாவுக்கு வாங்கிப் போட்டேன். உண்மையான சோதனை அப்போதுதான் நடந்தது. ஏனென்றால் அதுவரை நான் செத்த சொக்கோடுதான் புதியதை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தார் ரோட்டில், தனி ஆளாக, எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒழுங்கைக் கிடங்குகளிலும் சமாளித்தது. இடதுகரைக் கிரவலில் 15 நிமிடம் தாண்டியதும்தான் பழைய ஆட்டம் திரும்பியது. ஒருநாள் நெடுங்கேணி ரோட்டில் பொழுதுபட யானை நிற்கிறது என்று முன்னால் போனவர் கையைக் காட்ட, சட்டென்று பிறேக் பிடித்தேன், பின் சில்லு தத்தித் தத்திக் கரைக்குப் போனது. காஸ் சொக்கில் அப்படித் தத்தியதே இல்லை.

அதனால் வவுனியா, கிளிநொச்சி ரவுணுக்குள் அலுவலகம் போய்வருகிறவர் 28,000 செலவழிக்கத் தேவையில்லை, பழையது செத்திருந்தால் 9,500 ரூபாச் சோடி போதும். பால் சேகரிக்கிறவர்கள், மீன் கட்டி ஓடுகிறவர்கள், குடும்ப நல உத்தியோகத்தர்கள், என்னைப்போலத் தினம் கிரவலில் ஒரு மணித்தியாலம் கிடப்பவர்கள் எல்லாரும் காஸ் சோடி போடலாம், போட்டால் கட்டாயம் அளந்து, தளர்த்திப் போடுங்கள். பூட்டிய கையோடு யாராவது அந்த வளையத்தை இறுக்கிவிட்டால் நான் பட்ட மூன்று கிழமையை நீங்களும் படுவீர்கள்.

இப்போது மூன்றாம் படி, முழுக்க இறுக்கிய இடத்திலிருந்து 6 கிளிக் தளர்வு. மாரியில் 7. உறை இல்லை, அதற்குப் பதிலாக மட்காட்டின் முன்விளிம்பில் தடித்த றப்பர்த் துண்டு ஒன்று தொங்குகிறது, பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் தண்டு இரண்டையும் துடைத்துவிடுவேன். பின்பக்கம் சரியானபிறகு முன் போர்க்கின் குறைதான் எனக்குக் கூடத் தெரிகிறது, பிறேக் பிடித்தால் தலை குத்துகிறது. காலபோக விதைப்பு முடிய அதன் எண்ணெயை மாற்றுவதாக அண்ணையிடம் நாள் கேட்டிருக்கிறேன்.